கிருமி செல்லுக்கு உள்ளேயா, வெளியேயா?

கேள்வி இது: ஒன்பது வயது மகளுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும். "வைரல் காய்ச்சல்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம், பாராசிட்டமால் போதும்" என்றார் மருத்துவர். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. இரண்டு நாள் ஓடி விளையாடினாள். பிறகு மறுபடியும் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. இந்த முறை அதே மருத்துவர் "நிமோனியா, பாக்டீரியா" என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார். முதல் நாளே கொடுத்திருந்தால் இது வந்திருக்காதா? இரண்டும் கிருமிதானே, உடம்பு இரண்டையும் வேறுவேறு விதமாகவா எதிர்க்கிறது?

முதலில் உங்கள் மனம் ஆற ஒன்று சொல்லிவிடுகிறேன். மருத்துவர் இரண்டு முறையும் சரியாகத்தான் செய்திருக்கிறார். அது ஏன் சரி என்பது, உங்கள் மகளின் உடம்பு அந்த எட்டு, பத்து நாளில் என்னென்ன செய்தது என்று தெரிந்தால் புரியும்.

பாடப்புத்தகங்களில் பாக்டீரியாவுக்கு ஒரு பட்டியல், வைரஸுக்கு ஒரு பட்டியல் என்று போட்டிருக்கும். மாணவர்களுக்கு நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அப்படித் தொடங்குவதில்லை. உடம்புக்குக் கிருமியின் பெயர் முக்கியமில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். நம் செல்களுக்கு வெளியே, ரத்தத்திலும் திசு நீரிலும் இருக்கிறதா, அல்லது செல்லுக்கு உள்ளேயே புகுந்துவிட்டதா? வெளியே இருப்பதைப் பிடித்து விழுங்கலாம். உள்ளே இருப்பதை, அது குடியிருக்கும் செல்லோடு சேர்த்துத்தான் அழிக்க வேண்டும். நம் எதிர்ப்பு மண்டலத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் வெளியே வாழ்கின்றன. வைரஸால் செல்லுக்கு உள்ளே அல்லாமல் பெருகவே முடியாது. அதனால்தான் 'பாக்டீரியாவுக்கு ஒரு வழி, வைரஸுக்கு ஒரு வழி' என்று தோன்றுகிறது.

வெளியே நடக்கும் சண்டையை முதலில் பார்ப்போம். காலில் முள் குத்துகிறது. தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் உள்ளே போகிறது. தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல்கள் காவல் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த பாக்டீரியாவை முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனித உடலில் எங்குமே இல்லாத, பாக்டீரியாவின் சுவரில் மட்டுமே இருக்கும் சில பொருள்களைத் தொட்டு உணரும் ஏற்பிகள் பிறவியிலேயே அவற்றின் மேல் இருக்கின்றன. டோல் என்ற மரபணு இல்லாத பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு 1996இல் கண்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பி ஒன்றுதான் பாலூட்டிகளில் பாக்டீரியாவின் சுவர்ப்பொருளை உணர்கிறது என்று புரூஸ் பாய்ட்லர் 1998இல் காட்டினார். 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

மேக்ரோஃபேஜ் எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிட்டதும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன, கசிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் இதன் விளைவு. கசிந்த வழியாக நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுள் குறைவு, அதனால்தான் உற்பத்தி இவ்வளவு. பாக்டீரியாவை விழுங்கியதும் அதை அடைத்த பைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடையும், அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். இதை உண்டாக்கும் என்சைமுக்குப் பச்சை நிறம். சீழும் கெட்டிச் சளியும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள். அதை வெறும் அழுக்கு என்று நினைக்காதீர்கள்.

விழுங்கிகளின் வேலையை முதலில் புரிந்துகொண்டவர் எலி மெச்னிகோஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. முள் குத்திய நம் காலிலும் நடப்பது அதுவே.

விழுங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ், சர்க்கரைப் பொருளாலான ஒரு வழவழப்பான உறையைப் போர்த்திக்கொண்டு இருக்கும். நியூட்ரோபிலுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஒரு குறிப்பிட்ட கிருமிக்கென்றே உடம்பு உண்டாக்கும் புரதங்களான ஆன்டிபாடிகள் அந்த உறையில் ஒட்டிக்கொண்டு பிடிமானம் தருகின்றன. ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் ஒட்டுகின்றன. சில பாக்டீரியாக்களின் மேல்சவ்வில் இந்தப் புரதங்களே துளை போட்டுக் கொன்றுவிடும். ஆக, வெளியே இருக்கும் எதிரிக்கு நியூட்ரோபில், காம்ப்ளிமென்ட், ஆன்டிபாடி ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இப்போது வைரஸ். இன்ஃப்ளூயன்சா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர், ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அதற்குச் செல்சுவர் கிடையாது, புரதம் செய்யும் பட்டறையும் கிடையாது. பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. அசித்ரோமைசின் அதன் புரதப் பட்டறையை அடைக்கிறது. வைரஸிடம் இந்த இரண்டுமே இல்லை. அதனிடம் இல்லாத ஒன்றைத் தாக்கும் மருந்து அதை என்ன செய்யும்? முதல் நாள் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றதற்கு இதுதான் அடிப்படை.

வைரஸ் மூக்கின் உட்பூச்சிலுள்ள ஒரு செல்லுக்குள் நுழைந்து தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை அவிழ்த்துவிட்டது. அந்த செல்லுக்கு இப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி குறைவு. ஆனால் அக்கம்பக்கத்தைக் காப்பாற்றலாம். 1957இல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் கோழி முட்டையின் சவ்வுத் துண்டுகளைச் சூட்டில் செயலிழந்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தைப் புதிய சவ்வுத் துண்டுகளின் மேல் ஊற்றி, உயிருள்ள வைரஸைச் சேர்த்தார்கள். வைரஸ் பெருகவில்லை. ஏதோ ஒன்று முதல் சவ்விலிருந்து கசிந்து இரண்டாவதைத் தயார்ப்படுத்தியிருந்தது. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதில்லை. அது பக்கத்து செல்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை கிடைத்த செல்லுக்குள் வைரஸ் வந்தால், செல் தன் புரத உற்பத்தியையே நிறுத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடுகிறது. வைரஸ் வந்து பார்த்தால் பட்டறை மூடியிருக்கும். ஊரே கதவடைப்பதால் ஊருக்கும் நஷ்டம்தான். வைரல் காய்ச்சலில் எலும்பை முறித்துப்போட்டது போன்ற உடம்புவலி, எழுந்திருக்க முடியாத அசதி எல்லாவற்றிலும் இன்டர்ஃபெரானுக்குப் பெரும் பங்கு உண்டு. இது ஊகமில்லை. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுவந்தார்கள். ஊசி போட்ட அன்று நோயாளிகளுக்கு ஃப்ளூ வந்தது போலவே காய்ச்சலும் உடம்புவலியும் வரும். உங்கள் மகள் முதல் நான்கு நாள் சுருண்டு படுத்திருந்தது பெரும்பாலும் அவள் உடம்பு செய்துகொண்டிருந்த வேலையால்தான்.

கதவடைப்பு நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. ஏற்கெனவே வைரஸ் புகுந்த செல்களை யார் அழிப்பது? ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எந்நேரமும் தன் வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. சொந்தப் புரதம் என்றால் பிரச்சினையில்லை. வைரஸின் துணுக்கு தெரிந்தால், கொல்லும் டி செல் என்ற வெள்ளணு அந்த செல்லைத் துளைத்து, உள்ளே என்சைம்களைச் செலுத்தி, அதைத் தானாகவே சிதைந்துபோக வைக்கிறது. இந்த ஏந்திக்காட்டும் முறையை எலிகளில் கண்டுபிடித்தவர்கள் கான்பெராவில் வேலை பார்த்த பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும். 1974இல் வெளியிட்டார்கள், 1996இல் நோபல் கிடைத்தது. சில வைரஸ்கள் தந்திரமாக இந்த ஏந்திக்காட்டலையே நிறுத்திவிடும். அதற்கும் உடம்பிடம் பதில் இருக்கிறது: எதையும் காட்டாத செல்லைச் சந்தேகப்பட்டுக் கொல்லும் என்.கே. செல்கள்.

ஒரு குறிப்பிட்ட வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் முதலில் மிகமிகக் குறைவு. அவை நிணநீர்க் கணுக்களில் பெருகிப் படையாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. தொண்டைவலியில் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அங்கே நடப்பது இந்தப் பெருக்கம்தான். பல வைரல் காய்ச்சல்கள் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்குவதற்கும் இதுவே காரணம்.

இதையெல்லாம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? பிறவியிலேயே ஏதாவது ஒரு பகுதி மட்டும் இல்லாத குழந்தைகளிடமிருந்துதான் நாம் அதிகம் கற்றிருக்கிறோம். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பட்ட துன்பத்தில் கிடைத்த அறிவு இது, அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1952இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நியூமோகாக்கஸ் தொற்று அவனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது காமா குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் இருக்கும் பகுதி, இல்லவே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதந்தோறும் ஊசியாகப் போட்டார், தொற்றுகள் நின்றன. இந்தக் குறைபாடுள்ள சிறுவர்களுக்கு நிமோனியாவும் காதில் சீழும் மறுபடி மறுபடி வரும். ஆனால் தட்டம்மையும் சின்னம்மையும் வந்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே குணமாகிவிடுவார்கள். அவர்களிடம் டி செல்கள் இருக்கின்றன. போலியோவும் அதன் இனத்து வைரஸ்களும் இதற்கு விதிவிலக்கு. அவற்றை அடக்க ஆன்டிபாடி கட்டாயம் தேவை.

வேறு சில குழந்தைகளுக்கு நியூட்ரோபில் இருக்கும், பாக்டீரியாவை விழுங்கவும் செய்யும், ஆனால் அந்த பிளீச்சிங் வேதியியலைத் தொடங்கி வைக்கும் என்சைம் இருக்காது. ஸ்டஃபிலோகாக்கஸ் கட்டிகளும் பூஞ்சைத் தொற்றும் அவர்களை வாட்டும். சாதாரண வைரஸ்களோ மற்றவர்களுக்குப் போலவே வந்து போகும். இதன் எதிர்முனையைக் கோவிட் காட்டியது. உயிருக்குப் போராடிய கோவிட் நோயாளிகள் 987 பேரின் ரத்தத்தை 2020இல் ஆராய்ந்தபோது, 101 பேரிடம் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அதுவரை தங்களுக்கு இப்படி ஒரு குறை இருப்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. கதவடைப்பு எச்சரிக்கை அவர்கள் உடலில் பக்கத்து செல்களைச் சென்றடையவில்லை.

உள்ளே, வெளியே என்பதுதான் அடிப்படை என்பதற்கு மிக வலுவான சாட்சி காசநோய். காசநோய்க் கிருமி பாக்டீரியாதான். ஆனால் அது வாழ்வது மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள்ளேயே. விழுங்கப்பட்டபின், தன்னைச் செரிக்க விடாமல் அந்தப் பையைத் தடுத்துவைத்துக்கொண்டு அங்கேயே பெருகுகிறது. ஆன்டிபாடி இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. டி செல்களில் இன்னொரு வகையான உதவி டி செல் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டுபொருளைக் கொடுத்தால்தான் மேக்ரோஃபேஜ் தன் வயிற்றுக்குள் இருப்பதைக் கொல்லும் பலம் பெறுகிறது. அந்தத் தூண்டல் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே நோயாகிவிடும். உதவி டி செல்களை அழிக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களை முதலில் வீழ்த்தும் நோய்களில் காசநோய் இருப்பதும் இதனால்தான். நம்மில் எத்தனையோ பேர் காசநோய்க் கிருமியை நுரையீரலில் சுமந்துகொண்டே நோயில்லாமல் வாழ்கிறோம். டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் சேர்ந்து அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருக்கின்றன.

இங்கே தடுப்பூசியின் பாடமும் இருக்கிறது. 1968இல் தொடங்கிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பி.சி.ஜி.யை ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. பல நாடுகளுக்கு ஏமாற்றம் தந்த முடிவு, ஆனால் நேர்மையாக எடுத்துச் சொன்ன முடிவு. கைக்குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கிறது, அதற்காகவே இன்றும் போடுகிறோம். ஆன்டிபாடியால் தடுக்கக்கூடிய நோய்களுக்குத் தடுப்பூசி செய்வது எவ்வளவு எளிது, டி செல்லை நம்பியிருக்கும் நோய்க்குச் செய்வது எவ்வளவு கடினம் என்பதைச் செங்கல்பட்டு அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் வேறொன்றை நான் அறியவில்லை.

ரத்தப் பரிசோதனை பற்றியும் பலருக்குச் சந்தேகம் இருக்கும். நியூட்ரோபில் ஏறியிருந்தால் பாக்டீரியா, லிம்போசைட் (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) விகிதம் ஏறியிருந்தால் வைரஸ் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஓரளவுக்குத்தான் சரி. டைஃபாய்டு பாக்டீரியா, ஆனால் அதுவும் மேக்ரோஃபேஜுக்குள் ஒளிவது. வெள்ளணு எண்ணிக்கை பெரும்பாலும் ஏறாது, குறையவும் செய்யும். கக்குவான் இருமலும் பாக்டீரியாதான், ஆனால் அதன் நச்சு லிம்போசைட்டுகளை ரத்தத்தைவிட்டு வெளியேற விடாமல் தடுப்பதால் லிம்போசைட் எகிறும். சி.ஆர்.பி. என்பது அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். பாக்டீரியாவில் அதிகம் ஏறும், கடுமையான வைரஸ் நோயிலும் ஏறும். அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் கணிப்புக்கு அது ஒரு துணை.

வைரஸ் செல்லுக்குள் இருக்கிறது, ஆன்டிபாடி செல்லுக்குள் போகாது என்றால், வைரஸ் தடுப்பூசிகள் எப்படி வேலை செய்கின்றன? ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் வைரஸ் வெளியேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஆன்டிபாடி தயாராக இருந்தால் அது நுழையவே முடியாது. வந்த நோயை முடித்துவைப்பது டி செல், அடுத்த முறை வராமல் தடுப்பது ஆன்டிபாடி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நினைவு எவ்வளவு நாள் நிற்கும்? வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளுக்கு 1846இல் தட்டம்மை வந்தது. சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். ஆராயப் போன டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் வந்த தட்டம்மையில் படுத்து எழுந்த முதியவர்களுக்கு இந்த முறை ஒன்றுமே வரவில்லை என்று பதிவு செய்தார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை.

டெங்கு மட்டும் இந்த நினைவையே திருப்பிவிடுகிறது. டெங்குவில் நான்கு வகை. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி, பின்னால் வேறு வகை வரும்போது அதைச் சரியாக முடக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு, ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்கும் செல்களுக்குள் வைரஸைக் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும். இரண்டாவது முறை டெங்கு ஆபத்தாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்காணிக்க வேண்டிய நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரத்தக்குழாய்கள் கசிவது அப்போதுதான். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

இனி உங்கள் மகள். முதல் நான்கு நாள் நடந்தது இன்டர்ஃபெரானும் டி செல்லும் நடத்திய சண்டை. அவள் அதில் ஜெயித்தாள், அதனால்தான் எழுந்து விளையாடினாள். ஆனால் வைரஸும், வைரஸ் புகுந்த செல்களை அழித்த அவளுடைய டி செல்களும் சேர்ந்து மூச்சுக்குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்கிவிட்டன. சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகள் அங்கங்கே உதிர்ந்துவிட்டன. குழந்தைகளின் மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும் நியூமோகாக்கஸுக்கு இப்போது நுரையீரலுக்குள் இறங்க வழி திறந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு: ஃப்ளூவிலிருந்து தேறும் நாட்களில், வைரஸுக்காகச் சுரந்த இன்டர்ஃபெரான்களே நுரையீரல் மேக்ரோஃபேஜ்களின் விழுங்கும் திறனைச் சில நாள் மந்தமாக்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். உள் எதிரிக்காக ஏற்பாடு செய்த உடம்பு வெளி எதிரிக்குச் சற்று இடம் கொடுத்துவிடுகிறது. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது ஃப்ளூவைத் தொடர்ந்து வந்த இந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று, பாதுகாத்து வைத்த நுரையீரல் துண்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

அப்படியானால் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்து நியூமோகாக்கஸை முன்கூட்டியே ஒழித்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. பிரிட்டனில் ஏராளமான நோயாளிகளின் பதிவுகளை அலசி 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மேல் சுவாசத் தொற்று, தொண்டைவலி, காதுத் தொற்று வந்தவர்களில் 4,000க்கும் மேற்பட்டோருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு தடுக்கப்படும். மீதி அத்தனை பேருக்கும் பலன் எதுவும் இல்லை. வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் சிலருக்கு வரும். மூக்கிலும் குடலிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தங்கும். அப்புறம் நிமோனியா வந்தால் அது அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கக்கூடும். ஆறாம் ஏழாம் நாள் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்ததற்கு, அதை முதல் நாள் வீணாக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் செய்ததில் மிகச் சரியானது, இரண்டாவது காய்ச்சலை முதல் காய்ச்சலின் பாக்கி என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் திரும்பவும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனது. விட்ட காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, கூடவே மூச்சு வேகமாகி விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், அது அன்றே காட்ட வேண்டிய அறிகுறி. ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொன்ன கடைசி வேளை வரை கொடுங்கள். இருமல் இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம்; உதிர்ந்த நுண்ணிழைகள் திரும்ப முளைக்க அவ்வளவு நாள் ஆகும்.